வாயிலில் நின்ற சார்ஜண்ட்

கதை படிக்கையில் நம் கண்ணிற் படாமலே கடந்துபோகும் மாந்தர் சிலர் உளர். அவர்கள் கதவைத் தட்டுவர்; கடிதத்தைக் கொடுப்பர்; வணங்கிப் போய்விடுவர். கதை அவர்களை மறந்துவிடும், நாமும் மறந்துவிடுவோம். அத்தகைய ஒருவரைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன். அவருக்குக் கதையிற் பெயர்கூட இல்லை.

ஆதர் கொனன் டொயில் எழுதிய முதலாவது ஷேர்லொக் ஹோம்ஸ் நாவல் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லட்'. அது 1887ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன் தொடக்கப் பகுதியில் ஒரு சிறு காட்சி வருகின்றது. பேக்கர் வீதி வீட்டின் சாளரத்தருகே ஹோம்ஸும் டாக்டர் வாட்சனும் நிற்கின்றனர். எதிர்ப்புறத்திலே, பெரிய நீலநிற உறையொன்றைக் கையிற் பிடித்தபடி, வீட்டிலக்கங்களைத் தேடிக்கொண்டு ஒருவர் நடந்துவருகின்றார். சாதாரண உடையே அணிந்திருக்கின்றார். ஆயினும் அவர் ஓய்வுபெற்ற மரீன் படைச் சார்ஜண்ட் என்று ஹோம்ஸ் ஒரே பார்வையிற் சொல்லிவிடுகின்றார். புறங்கையிற் பச்சைகுத்திய நங்கூரம், படைவீரர்க்கே உரிய நடை, கட்டளையிட்டுப் பழகிய தலைநிமிர்வு என்பனவே சான்றுகள். வாட்சனுக்கு நம்பிக்கை வரவில்லை. கடிதத்துடன் மேலேறி வந்தவரிடமே அவர் தொழில் யாதென வினவுகின்றார். தாம் ஒரு 'கொமிஷனேர்' என்றும், சீருடையைத் திருத்தக் கொடுத்திருப்பதாகவும் வந்தவர் விடையிறுக்கின்றார். அதற்கு முன்னர்? மரீன் காலாட்படையிற் சார்ஜண்ட். அவ்வளவுதான். இரு குதிகால்களையும் ஒலியெழச் சேர்த்துச் சலாம் செய்துவிட்டு மறைந்துபோகின்றார்.

இக்காட்சியை வகுப்பில் நான் வாசித்துக்காட்டிய ஒருநாள், மாணவர் எல்லாரும் துப்பறிவாளரின் மதிநுட்பத்தை வியந்து மகிழ்ந்திருந்தனர். பின்வாங்கிலிருந்த ஒருவன் மாத்திரம் எழுந்து, "சேர், சார்ஜண்டாக இருந்தவர் ஏன் கடிதம் காவித் திரிகிறார்?" என்று கேட்டான். ஓய்வூதியம் போதாமற் போயிருக்கும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு மேலே வாசிக்கலானேன். ஆனால் அந்த வினா என்னை விட்டபாடில்லை. படையைவிட்டு வெளியேறிய ஒருவன் மீண்டும் குடிமக்களுள் ஒருவனாகி உழைத்துண்ண விரும்பும்பொழுது, அவனுக்கும் வேலைக்கும் நடுவே நின்று வழிகாட்டுபவர் யார்? அவர்கள் காட்டும் வழி அவனை எங்கே கொண்டுபோய் விடுகின்றது? இக்கேள்விகளைத் தொடர்ந்து சென்றபோது நான் கண்டவற்றையே வாசகர்முன் வைக்கின்றேன்.

பிணை நிற்பார் இல்லாதவன்

'கொமிஷனேர்' என்பது பிரெஞ்சுச் சொல். பாரிஸ் நகர வீதிகளிலே செய்தி கொண்டுசெல்லவும் பொதி காவவும் காத்துநின்ற ஏவலாளரை அது குறித்தது. அச்சொல்லைக் கடன் வாங்கி இலண்டனில் ஒரு சங்கத்துக்குப் பெயராகச் சூட்டியவர் கப்டன் எட்வேட் வோல்ற்றர். இவர் 'ரைம்ஸ்' பத்திரிகையின் உரிமையாளர் குடும்பத்திற் பிறந்தவர். எட்டாவது ஹுசார் என்னும் குதிரைப்படை அணியிற் பணிசெய்தவர். 1859ஆம் ஆண்டிலே, போரில் ஊனமுற்றுத் திரும்பிய பழைய வீரர் ஒரு சிலரைச் சேர்த்துக்கொண்டு 'கொமிஷனேர் படை' என்னும் அமைப்பை அவர் தொடங்கினார். அப்பொழுது கிறிமியப் போர் முடிந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்தியாவில் 1857இல் எழுந்த கிளர்ச்சியை அடக்கச் சென்றோரும் நாடு திரும்பிக்கொண்டிருந்தனர்.

அக்காலத்துப் பிரித்தானியப் படைவீரனின் நிலையை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். 1847ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை படையிற் சேர்வது பெரும்பாலும் ஆயுளுக்கெனச் சேர்வதாகவே இருந்தது. அச்சட்டம் காலாட்படைக்குப் பத்து ஆண்டு, குதிரைப்படைக்குப் பன்னிரண்டு ஆண்டு என எல்லை வகுத்தது. காலம் முடிந்ததும் வீரன் வெளியே வருவான். இருபது வயதிற் போனவன் முப்பது வயதில் வந்து நிற்பான். தச்சுத்தொழிலோ கொல்லுத்தொழிலோ கற்கவேண்டிய பருவத்தைத் துப்பாக்கியோடு கழித்தவன் அவன். முழு ஓய்வூதியமோ நெடுங்காலம் பணிசெய்தோர்க்கே உரியது. இவற்றையெல்லாம்விடப் பெரிய இடையூறு ஒன்றும் இருந்தது. சிப்பாய் என்றாற் குடிகாரன், முரடன் என்ற எண்ணம் அந்நாட்டு இல்லத்தார் மனத்தில் ஊறிப்போயிருந்தது. செங்கோட்டு அணிந்து வீதியில் அணிவகுத்துச் சென்றால் கைதட்டுவார்கள். அதே மனிதன் வேலை கேட்டு வாயிலுக்கு வந்தால் கதவைச் சாத்துவார்கள்.

ஒரு வேலைக்காரனை அமர்த்துமுன் வீட்டுக்காரர் முதலிற் கேட்பது யாது? "உனக்கு என்ன தெரியும்?" என்பதன்று, "உன்னை யாருக்குத் தெரியும்?" என்பதே. கிராமத்திற் பிறந்து அங்கேயே வளர்ந்தவனுக்குக் குருவானவர் சொல்வார், பழைய எசமானர் சொல்வார், அயலார் சொல்வர். பத்தாண்டு கடல் கடந்திருந்தவனுக்குப் பேசுவார் யார்? அவனுடைய தளபதி வேறோர் ஊரில் இருப்பார். அவனோடு நின்ற தோழர் சிலர் செவஸ்ரப்போல் மண்ணில் உறங்குவர். நகரத்திலே அவனுக்குப் பிணை நிற்பார் எவருமில்லை.

வோல்ற்றரின் கூர்மை இவ்விடத்திலேதான் விளங்குகின்றது. தனித்தனி வீரனுக்குப் பிணை இல்லையென்றால், வீரர் எல்லாரும் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணையாகட்டும் என்று அவர் எண்ணினார். நன்னடத்தைச் சான்றோடு படையினின்றும் விலகியோரையே சங்கத்திற் சேர்த்தார். சீருடை கொடுத்தார், மார்பிலே போர்ப்பதக்கங்களை அணியச் செய்தார், படையிலிருந்தது போன்ற ஒழுங்கு விதிகளை வகுத்தார். ஸ்ட்ரான்ட் வீதியை அடுத்து அலுவலகம் அமைந்தது. கடிதமோ பொதியோ அனுப்ப விரும்புவோர் ஒருவரை அழைக்கலாம். தூரத்துக்கும் நேரத்துக்கும் ஏற்பக் கூலிப்பட்டியல் உண்டு. வங்கிக்கு வாயில்காப்போன் வேண்டுமா? கந்தோருக்கு நம்பிக்கையான ஆள் வேண்டுமா? சங்கம் ஆளனுப்பும், அவன் பிழை செய்தாற் சங்கமே பொறுப்பேற்று விசாரிக்கும். பிச்சை கொடுக்கும் தருமச்சபையாக அன்றி, உழைப்பினால் தன் காலில் நிற்கும் சங்கமாகவே அதனை நடத்த அவர் முயன்றார்.

படைவிலகியோரை வேலையில் அமர்த்துவதையே தொழிலாகக் கொண்ட இன்றைய முகவர் நிலையங்களுக்கு இதனை ஒரு முன்னோடி எனலாம். பேக்கர் வீதிக்குக் கடிதம் கொண்டுவந்த சார்ஜண்ட் இச்சங்கத்தின் பிள்ளையே.

நகரம் வாங்கிய பண்டம்

சங்கம் நகரத்துக்கு விற்ற பண்டம் யாது? இதற்கும் டொயிலின் கதைகளே நல்ல விடை தருகின்றன.

1892ஆம் ஆண்டில் 'ஸ்ட்ரான்ட்' சஞ்சிகையில் வெளிவந்த 'நீலமணி' பற்றிய கதையைப் பலர் படித்திருப்பர். அதிலே பீற்றர்சன் என்னும் கொமிஷனேர் வருகின்றார். தெருச்சண்டை ஒன்றிலே ஒருவர் விட்டுச்சென்ற தொப்பியையும் வாத்தையும் அவர் ஹோம்ஸிடம் கொண்டுவந்து ஒப்படைக்கின்றார். வாத்தைச் சமைத்துண்ணும்படி ஹோம்ஸ் திருப்பிக் கொடுக்க, பீற்றர்சனின் மனைவி அதன் இரைப்பையில் ஒரு மணியைக் காண்கின்றாள். அது ஒரு சீமாட்டியிடமிருந்து களவுபோனது. கண்டுபிடித்துத் தருவோர்க்கு ஆயிரம் பவுண் பரிசு அறிவிக்கப்பட்டது. அதனை எடுத்துக்கொண்டு பீற்றர்சன் மூச்சிரைக்க ஹோம்ஸிடமே ஓடிவருகின்றார். இன்னொருவன் கையில் அகப்பட்டிருந்தால் கதை வேறுவிதமாகப் போயிருக்கும். பீற்றர்சன் கொமிஷனேர் என்று சொன்னதும், அவருடைய நேர்மைக்கு வேறு விளக்கம் அக்காலத்து வாசகர்க்கு வேண்டியிருக்கவில்லை. சீருடையே விளக்கமாயிற்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1893இல் வெளிவந்த 'கடற்படை உடன்படிக்கை' என்னும் கதையிலே, வெளிநாட்டமைச்சின் கந்தோரிலிருந்து இரகசியப் பத்திரம் ஒன்று இரவிற் களவாடப்படுகின்றது. கீழே வாயிலிற் காவலிருந்த கொமிஷனேர் பழைய படைவீரர். அடுப்பிற் கெண்டி கொதிக்க அவர் உறங்கிப்போயிருந்தார். சந்தேகம் யார்மேல் விழுகின்றது? முதலில் அவர் வீட்டின் மேலே. அவருடைய மனைவியைப் பொலிசார் தேடித் துரத்துகின்றனர். ஈற்றில் அகப்பட்ட கள்வனோ பத்திரத்தைப் பறிகொடுத்தவருக்கு மணம் பேசிய பெண்ணின் சகோதரன்; நல்ல குடும்பத்தவன்.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்பொழுது எனக்கு ஒன்று புலப்பட்டது. நகரம் அந்த வீரர்களிடம் வாங்கியது அவர்களுடைய திறமையை அன்று, நம்பிக்கையை. சார்ஜண்ட் ஒருவர் முப்பது பேரைக் கட்டிமேய்த்தவர். புயலிலும் குண்டுமழையிலும் ஒழுங்கு குலையாமற் காத்தவர். வாசிக்கவும் எழுதவும் கணக்குப் பார்க்கவும் அறிந்தவர். அத்தனையும் இருக்க, "இவன் திருடமாட்டான், கடிதத்தைத் திறந்து பார்க்கமாட்டான்" என்ற ஒன்றே விலைபோயிற்று. பிணை அவரை வாயில்வரை கொண்டுவந்து சேர்த்தது. வாயிலைத் தாண்டி உள்ளே அழைத்துச் செல்லவில்லை. பிறர் உள்ளே செல்லக் கதவைத் திறந்துவிடுவதே அவர் தொழிலாயிற்று.

அதே காட்சியில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் வாட்சனும் படையினின்று விலகியவரே என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். 1880இல் ஆப்கானிஸ்தானத்து மைவாண்ட் போரில் தோளிற் குண்டுபட்டு, பெஷாவரில் நெருப்புக்காய்ச்சல் கண்டு, உடல் நலிந்து, நாளொன்றுக்கு 11 சிலிங் 6 பென்ஸ் வருவாயோடு இலண்டனுக்கு வந்துசேர்ந்தவர் அவர். அவருக்கு எந்தச் சங்கமும் வேண்டியிருக்கவில்லை. மதுச்சாலையிற் பழைய ஆஸ்பத்திரி நண்பர் ஒருவர் தோளைத் தட்டுகின்றார். வீடும் தோழமையும் கிடைக்கின்றன. மருத்துவப் பட்டம் அவர் கையில் இருக்கின்றது. பின்னொருகால் அவர் ஒரு வைத்தியரின் தொழிலை விலைக்கு வாங்கித் தமக்கென நடத்துவார். பட்டமும் நண்பரும் உடைய அதிகாரி நாற்காலியில் அமர்கின்றார்; அவை இல்லாத சார்ஜண்ட் நின்றபடியே சலாம் செய்கின்றார். இருவரும் ஒரே அரசிக்காகப் போர்முனை சென்றவர்கள். வாட்சன் அந்தச் சார்ஜண்டின் தொழிலை வினவியது ஹோம்ஸை மடக்கும் பொருட்டே. மனிதனை அறியும் பொருட்டன்று.

பாட்டும் சோறும்

சங்கத்துள் இடம்பெற்றோர் நிலை இதுவென்றால், இடம்பெறாதோர் நிலை யாது?

1854ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் நாள் பலக்லாவாப் போர்க்களத்திலே, தவறாக உணரப்பட்ட கட்டளை ஒன்றினால், ஏறக்குறைய 670 குதிரைவீரர் பீரங்கிகளுக்கு நேரே பாய்ந்தனர். வோல்ற்றர் பணிசெய்த எட்டாவது ஹுசார் அணியும் அப்பாய்ச்சலில் இருந்தது. அரசவைப் புலவர் ரெனிசன் அதே ஆண்டு டிசம்பரில் அதனைப் பாடினார். ஆங்கிலம் படித்த நாடுகளிலெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் அப்பாடலை மனனஞ் செய்தனர். நம் நாட்டிலும் செய்தனர்.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 1890ஆம் ஆண்டில், அப்பாய்ச்சலில் உயிர்தப்பிய முதியோர் பலர் வறுமையில் வாடுகின்றனர் என்ற செய்தி பத்திரிகைகளில் வந்து நாட்டை நாணச் செய்தது. அவர்கட்கு உதவ நிதி திரட்டப்பட்டது. எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி அப்பொழுது புதிய அதிசயம். அதன்முன் நின்று புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் அவ்வீரர்க்காகச் சில சொற்கள் பேசினார். பலக்லாவாவில் எக்காளம் ஊதிய வீரர் ஒருவர் மீண்டும் ஊதிக்காட்டினார். ரெனிசனும் அதே ஆண்டிலே தம் பாடலைத் தம் குரலாற் பதிவுசெய்தார். அம்மெழுகு உருளைகளின் ஒலி இன்றும் பேணப்படுகின்றது. றட்யாட் கிப்ளிங் இவ்வவலத்தைப் பொருளாகக்கொண்டு, அப்பழைய வீரர் பாடிய புலவரையே தேடிச் செல்வதாக ஒரு கவிதை எழுதினார்.

பாட்டு அழியாமல் நின்றது. பாடப்பட்டவன் சோற்றுக்கு அலைந்தான். இலக்கியம் பயில்வோராகிய நாம் இதனை எண்ணிப்பார்த்தல் தகும். புகழ் வேறு, பிணை வேறு. ஒருவனைப் பாடுவதற்கு அவனைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவனுக்கு வேலை கொடுப்பதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கிடையிற் படையின் அமைப்பும் மாறியிருந்தது. 1870ஆம் ஆண்டில் யுத்த மந்திரி காட்வெல் குறுகியகாலச் சேவையை ஏற்படுத்தினார். மொத்தம் பன்னிரண்டு ஆண்டு; அதில் ஒரு பகுதி படையணியில், எஞ்சியது வீட்டிலிருந்தவாறே சேமப்படையில். இதன் விளைவாக ஆண்டுதோறும் இளவயதினர் பெருந்தொகையாக வெளியேறினர். கிழவருக்கும் ஊனமுற்றோருக்கும் வாயிற்காவல் போதுமென்று எண்ணியவர்களும், இருபத்தைந்து வயதினனுக்கு அது போதாது என்பதை உணரலாயினர். 1885ஆம் ஆண்டில் சேமப்படை வீரர்க்கு வேலை தேடித்தரவென்றே தேசிய சங்கமொன்று நிறுவப்பட்டது. அது பெயர்கள் மாறினும் இன்றும் அப்பணியைச் செய்துவருகின்றது.

அரசாங்கம் முகவராதல்

அடுத்த பெரும் மாற்றம் உலகப் போர்களோடு வந்தது. இதற்கு முன்னரே, 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பிரித்தானிய அரசாங்கம் வேலைப் பரிவர்த்தனை நிலையங்களை நாடெங்கும் அமைத்து, 1910 பெப்ரவரியில் திறந்துவைத்தது. அச்சட்டத்தைக் கொண்டுவந்த மந்திரி வின்ஸ்ரன் சேர்ச்சில். ஒன்பதாண்டுகளின் பின்னர், வேலைக்கும் வீரனுக்கும் இடையிலுள்ள முடிச்சு அவர் கைக்கே வேறு உருவில் வந்துசேர்ந்தது.

1918 நவம்பரிலே போர் நின்றது. இலட்சக்கணக்கானோரை எவ்வொழுங்கில் வீட்டுக்கு அனுப்புவது? தொழில்கள் விரைவில் உயிர்பெறவேண்டும் என்று கருதிய அதிகாரிகள், வேலை தருவதாக எசமானரின் கடிதம் உடையோரை முதலில் விடுவிக்க வகைசெய்தனர். காகிதத்திற் பார்த்தால் நல்ல ஏற்பாடு. நடைமுறையிலோ, தொழிற்சாலைக்கு இன்றியமையாதவர் என்று இறுதிவரை படைக்கு அழைக்கப்படாதிருந்தோர்க்கே அத்தகைய கடிதம் எளிதிற் கிடைத்தது. நான்கு ஆண்டு பதுங்குகுழியிற் கிடந்தவனை எந்த எசமானரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கடைசியாக வந்தவன் முதலிற் போனான். 1919 ஜனவரியிலே போக்ஸ்ரன் துறைமுகத்திலும் கலே முகாமிலும் வீரர் கீழ்ப்படிய மறுத்தனர். அம்மாதத்தில் யுத்த மந்திரியாக வந்த சேர்ச்சில், வயது, சேவைக்காலம், காயம் என்பவற்றையே அளவாகக் கொள்ளும்படி திட்டத்தை மாற்றினார். பிணைக்கடிதம் உடையவனுக்கே வழி என்னும் பழைய நியதி படையையே கலக்கிவிட்டது.

அப்பாடத்தை இரண்டாம் உலகப் போரின்போது மறக்கவில்லை. 1945 ஜூன் மாதத்தில் தொடங்கிய விடுவிப்பு வயதையும் சேவைக்காலத்தையும் கொண்டே நடந்தது. போருக்கு முன் பார்த்த வேலையை மீளப்பெறும் உரிமையை 1944ஆம் ஆண்டுச் சட்டமொன்று வழங்கியது. அதே ஆண்டின் மற்றொரு சட்டம் ஊனமுற்றோர்க்கெனத் தொழிற்சாலைகளில் ஒரு பங்கு இடத்தை ஒதுக்கிற்று. இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆனால் அச்சட்டத்தின்கீழ் ஊனமுற்றோர்க்கென்றே தனியாக ஒதுக்கப்பட்ட தொழில்கள் இரண்டு. அவை எவை என அறிந்தபோது நான் சிறிது நேரம் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். ஒன்று, மாடிக்கு ஏற்றியிறக்கும் மின்தூக்கியை இயக்குதல். மற்றொன்று, மோட்டார் வண்டித் தரிப்பிடத்தைக் காத்தல்.

1859இல் வாயில், 1944க்குப் பின்னும் வாயிலும் படியுமே. பிறர் தத்தம் மேசைக்குச் செல்ல, அவர்களை மேலே அனுப்பிவைப்பவர் மீண்டும் பழைய வீரரே. அவர்மீது இரக்கம் இருந்தது, நம்பிக்கை இருந்தது. அவரால் இன்னது முடியும் என்ற எண்ணம் மாத்திரம் இன்னும் வளரவில்லை.

மொழி தெரியாத குறை

இன்று பிரித்தானியப் படையினின்று விலகுவோர்க்கு வழிகள் கூடியுள்ளன. 1998ஆம் ஆண்டிலே பாதுகாப்பு அமைச்சு தனியார் நிறுவனமொன்றோடு கூட்டுச் சேர்ந்து தொழில்மாற்ற உதவித் திட்டமொன்றைத் தொடங்கியது. நீண்டகாலம் பணிசெய்தோர்க்கு, விலகுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே அவ்வுதவி தொடங்கும். விலகியபின்னும் இரண்டு ஆண்டுகள் தொடரும். படைவிலகியோரை மாத்திரம் தேடி நிறுவனங்களுக்கு அனுப்பும் தனியார் முகவர் நிலையங்களும் பல உள.

இவற்றின் தலையாய பணி என்ன? அதனை மொழிபெயர்ப்பு என்றே சொல்வேன். குவாட்டர்மாஸ்ரர் சார்ஜண்ட் என்று ஒருவர் தம் சுயவிபரக் கோவையில் எழுதினால், உணவுப்பண்டக் கம்பனி அதிகாரிக்கு அது விளங்காது. நூற்றுக்கணக்கானோரின் உணவு, உடை, ஊர்தி உதிரிகள் ஆகியவற்றைப் பொறுப்பேற்று, இருப்புக் கணக்கைக் காத்து, குறித்த வேளையிற் குறித்த இடத்திற் சேர்ப்பித்தவர் என்று எழுதினாலோ, அவர் தேடும் பண்டசாலை முகாமையாளர் இவரே என்பது தெளிவாகும். மனிதர் ஒருவரே, செய்த வேலையும் ஒன்றே, சொல் மாறியவுடன் அவர் நிற்கும் இடம் மாறுகின்றது.

இன்னொரு தடையும் உண்டு. படையிலே "நாம் செய்தோம்" என்று சொல்லப் பழக்குகின்றனர். "நான் செய்தேன்" என்பது அங்கே தற்பெருமை. நேர்முகப் பரீட்சையிலோ, "நீர் செய்தது என்ன?" என்றே கேட்கின்றனர். அடக்கம் எனக் கற்ற பண்பு அங்கே திறமையின்மைபோலத் தோன்றிவிடும். நல்ல முகவர் இதனை முன்னரே அறிந்து, விண்ணப்பதாரிக்கும் சொல்லிக்கொடுப்பர், வேலைதருநருக்கும் எடுத்துரைப்பர்.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. முகவர் நிலையத்துக்குப் பணம் கொடுப்பவர் யார்? பிரித்தானியாவில், 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சில விலக்குகள் நீங்கலாக, வேலை தேடித் தந்தமைக்கெனத் தொழிலாளியிடம் கட்டணம் அறவிடலாகாது. சர்வதேசத் தொழில் நிறுவனம் 1997இல் நிறைவேற்றிய 181ஆம் இலக்க உடன்படிக்கையும் அதனையே பொதுவிதியாக வகுத்துள்ளது. ஏழைத் தொழிலாளியைச் சுரண்டாதிருக்கச் செய்த நல்ல விதி இது. அதன் விளைவு யாதெனில், தனியார் முகவர் நிலையத்தின் வாடிக்கையாளர் வேலைதருநரே. அது வீரனுக்கு வேலை தேடுவதிலும் பார்க்க, வேலைக்கு வீரனைத் தேடுகின்றது என்பதே பொருந்தும். இதில் வஞ்சனை ஒன்றுமில்லை. அறிந்துகொண்டு அணுகுதல் வேண்டும், அவ்வளவே. அறியாதவன், தன்மேல் உள்ள அன்பினால் முகவர் தன்னைத் தேடுகின்றார் என நம்பி, கையில் வந்த முதல் வேலையையே தன் தகுதியின் அளவு என எண்ணிவிடுவான். விரைவில் நிரப்பத்தக்க இடங்கள் எவை? பெரும்பாலும் காவல் வேலைகள். 'ஒழுங்கு, நேரந்தவறாமை, நம்பிக்கை' என்று விளம்பரத்தில் எழுதுவது எளிது. 'சிந்தனை, தீர்மானம், தலைமை' என்று எழுதி, அதனை நம்பும் வேலைதருநரைக் கண்டுபிடிப்பதே கடினம்.

வோல்ற்றரின் சங்கத்தை இங்கு நினைந்துகொள்ளாதிருக்க முடியாது. அது வீரனை வாயிலோடு நிறுத்தியது உண்மை. ஆனால் அவனை வேலையில் அமர்த்தியபின்னும் அது அவனைக் கைவிடவில்லை. அவனுக்காகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. கனடாவில் 1925ஆம் ஆண்டு அதே பெயரில் எழுந்த சங்கமும், இலண்டனில் தொடங்கிய மூலச் சங்கத்தின் வழிவந்த நிறுவனமும் இன்றும் உள. பாதுகாப்புச் சேவையே அவற்றின் முதன்மைத் தொழில். இன்றைய முகவரின் மொழிபெயர்ப்புத் திறனும், அன்றைய சங்கத்தின் பிணை நிற்கும் நெஞ்சமும் ஓரிடத்திற் சேர்வதே வேண்டத்தக்கது.

அந்த மாணவனுக்கு

பின்வாங்கிலிருந்து எழுந்த அவ்வினாவுக்கு அன்று நான் சொன்ன விடை தவறு. ஓய்வூதியம் போதாமை ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக அவர் எத்தொழிலையும் செய்திருக்கலாமே, கடிதம் காவுவானேன்? இன்று அதே மாணவன் கேட்பானாயின், இவ்வாறு சொல்வேன்.

தம்பி, அந்தச் சார்ஜண்டை அவருடைய நகரம் நம்பியது, ஆனால் அறியவில்லை. நம்புவோர் தம் பெட்டியின் சாவியைக் கொடுப்பர். அறிந்தவரே தம் மேசையில் இடங்கொடுப்பர். முதலாவதைப் பெற்றுக்கொடுக்க ஒரு சங்கம் இருந்தது. அது சிறிய காரியமன்று. பலக்லாவா வீரர் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. இரண்டாவதைப் பெற்றுக்கொடுக்க அன்று ஒருவரும் இருக்கவில்லை. படையைவிட்டு வெளியேறும் ஒருவனுக்கு வேலை தேடித் தருகின்றோம் என்று சொல்லும் எந்த நிலையத்தையும், அது அரசாங்கத்தினதாயினும் தனியாருடையதாயினும், இந்த ஒரு கேள்வியால் அளந்துபார்: இது அவனை வாயில்வரை கொண்டுபோகின்றதா, வாயிலுக்கு உள்ளே கொண்டுபோகின்றதா?

ஷேர்லொக் ஹோம்ஸ் அந்த மனிதரை ஒரே பார்வையிற் கண்டுகொண்டார். கையில் நங்கூரம், நடையிலே படை, தலையிலே கட்டளையின் நிமிர்வு. கண்டதையெல்லாம் சரியாகவே கண்டார். கண்டபின் கடிதத்தை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார். அப்பக்கத்தை இப்பொழுது வகுப்பில் வாசிக்கும்பொழுதெல்லாம், அவர் சலாம் செய்து திரும்பும் இடத்திற் சற்றே நிறுத்தி, படியிறங்கிப் போகட்டும் என்று காத்திருந்துவிட்டே அடுத்த வரியை வாசிக்கின்றேன்.